சில்க்ஸாங்: ஐந்து முகமூடிகளும் இரண்டு முகமூடி அடியும்

2019 பிப்ரவரியில் அறிவிப்பு, 2025 செப்டம்பர் 4 அன்று வெளியீடு. நடுவில் ஆறரை ஆண்டுகள். ‘ஹாலோ நைட்’ வீடியோ கேமின் தொடர்ச்சியான ‘ஹாலோ நைட்: சில்க்ஸாங்’ விற்பனைக்கு வந்த நிமிடமே ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகள் கூட்டம் தாங்காமல் தடுமாறின. அன்றே ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அடுத்த சில நாட்களில் கொண்டாட்டம் அப்படியே வாக்குவாதமாகத் திரும்பியது. கேம் கடினமா, அநியாயமா? இன்னும் அது ஓயவில்லை.

கேமை உருவாக்கிய டீம் செர்ரி பத்திரிகைகளுக்குக்கூட முன்கூட்டியே பிரதி தரவில்லை. அதனால் வழி சொல்ல ஆளில்லாமல் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், அடி வாங்கினார்கள். கோபம் அவ்வளவு சேர்ந்தாற்போல் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக எல்லாவற்றையும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. புகார்களில் ஒரு பங்கு முழுக்க நியாயமானது. இன்னொரு பங்கு, முதல் கேமில் பழகிய கையை மாற்றாமல் ஆடுவதால் வருவது.

முதலில் பெரிய புகார்: ஒரே அடிக்கு இரண்டு முகமூடி போவது. நாம் ஆட்டுவிக்கும் நாயகி ஹார்னெட்டுக்குத் தொடக்கத்தில் ஐந்து முகமூடி உயிர். பல பாஸ்களும் சில சாதாரண எதிரிகளும் ஒரு அடிக்கு இரண்டைக் கழிக்கிறார்கள். அப்படியானால் மூன்றாவது அடியில் ஆட்டம் முடிந்தது. நான்கு முகமூடிச் சில்லுகளைத் தேடிச் சேர்த்து ஆறாவது முகமூடியை வாங்கினாலும், இரண்டு இரண்டாகக் கழித்தால் அதே மூன்று அடிதான். ஏழாவது வந்தால்தான் நான்காவது அடி வரை தாங்கலாம். ஆக, நடுவில் குணப்படுத்திக்கொள்ளாமல் ஆடினால், எட்டுச் சில்லு சேரும்வரை இப்படிப்பட்ட பாஸ் சண்டையில் ஒரு மாற்றமும் தெரியாது. தேடி அலைந்து கண்டெடுத்த பரிசு கையில் வந்தும் பலன் இல்லை என்ற எரிச்சல் இங்கேதான் பிறக்கிறது. ரசிகர்கள் சொல்வதில் இது நூற்றுக்கு நூறு சரி.

குணமாகும் கணக்கு மட்டும் பலர் நினைப்பதுபோல் மோசமில்லை. முதல் கேமில் மூன்று அடி அடித்தால் ஒரு முகமூடிக்கான ஆன்மா சேரும். இங்கே ஒரு அடிக்கு ஒரு இழை பட்டு. ஒன்பது இழை சேர்ந்தால் ஒரு ‘பைண்ட்’, மூன்று முகமூடி திரும்பும். விகிதம் அதேதான். நேரமோ மிச்சம். முன்பு மூன்று முகமூடிக்கு அசையாமல் நின்ற நேரத்தில் பாதிகூட இப்போது ஆகாது, அதுவும் அந்தரத்தில் இருந்தபடியே செய்யலாம். சிக்கல், இது மொத்த வியாபாரம் என்பது. ஒன்பதில் ஓர் இழை குறைந்தாலும் பைண்ட் கிடையாது. பைண்ட் முடிவதற்குள் அடி விழுந்தால் பட்டும் போச்சு, உயிரும் போச்சு.

எனவே எப்போது பைண்ட் செய்வது என்பதே முக்கியமான கேள்வி. இரண்டு முகமூடி கழிக்கும் பாஸிடம் முதல் அடி வாங்கியதும் மீதி மூன்று. இப்போதே பைண்ட் செய்தால் ஐந்துதான் ஆகும், ஒரு முகமூடி வீண் என்று பலர் காத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது செய்தால் வாங்கிய ஒன்றும் இனி வரும் மூன்றுமாக நான்காவது அடியில் சாவு. இரண்டாவது அடி வாங்கி மீதி ஒன்றில் செய்தால் நான்காகும். அப்போதும் நான்காவது அடியில்தான் சாவு. காத்திருந்து ஒரு லாபமும் இல்லை, ஒற்றை முகமூடியோடு நிற்கும் பதற்றம்தான் மிச்சம். ஒன்பது இழை நிறைந்து, பாஸ் மூச்சு வாங்கும் இடைவெளியும் கிடைத்தால் தயங்காமல் பைண்ட் செய்துவிட வேண்டும். பெல்ஹார்ட் ஊரில் கிடைக்கும் ‘மல்டிபைண்டர்’ டூல் (கூடவே அணியும் துணைக்கருவி) இதை இன்னும் செம்மையாக்கும். இரண்டு இரண்டாக நான்கு முகமூடி தருகிறது, அதாவது சரியாக இரண்டு அடிக்கு ஈடு. ஆனால் பைண்ட் செய்யும் நேரம் கூடும். விரட்டி விரட்டி அடிக்கும் பாஸிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

பட்டு இழைகளைச் சண்டைத் திறனுக்குச் செலவழிப்பதிலும் நிதானம் வேண்டும். தொடக்கத்தில் பட்டுச் சுருளின் கொள்ளளவே ஒன்பது இழை. ‘சில்க்ஸ்பியர்’ என்ற பட்டு ஈட்டியை ஒரு முறை எய்தால் நான்கு இழை காலி. அடுத்த நான்கு அடி விழும்வரை மருந்து கையில் இல்லை. சுருள் பெரிதாகும்வரை அதை எதிரியை முடிக்கும் கடைசி அடியாக வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்த புகார், குறுக்கே பாயும் கீழ்த்தாக்குதல். முதல் கேமில் எதிரியின் தலைக்கு நேர் மேலே வந்து அடித்தால் துள்ளலாம். ஹார்னெட் தான் பார்க்கும் திசையில் சாய்வாகப் பாய்கிறாள். நேர் மேலே வந்து பொத்தானை அழுத்தினால் எதிரியைத் தாண்டிப் போய் தரையில் விழுவாள். பலர் இதைக் குறை என்கிறார்கள். குறை இல்லை, அளவு வேறு. எதிரிக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு பின்னால் இருந்து பாய வேண்டும். துள்ளி எழுந்ததும் உடனே அடுத்த திசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கில் விரல் வழுக்குகிறவர்கள் திசைப் பொத்தான்களுக்கு மாறினால் தவறு குறையும். ஹன்டர்ஸ் மார்ச் பகுதியின் சிவப்பு மொட்டுகள் மீது துள்ளித் துள்ளிப் போகும் இடம் இதற்கான பள்ளிக்கூடம்தான். ஆனால் அந்தப் பகுதியை ஆரம்பத்திலேயே திறந்து வைத்தது பலர் கையைச் சுட்டது. வாசலில் நிற்கும் பெரிய எறும்பு வீரனே எச்சரிக்கைப் பலகை. அவனிடம் நாலைந்து முறை விழுந்தால் திரும்பி வேறு வழி பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உள்ளே ஓய்வெடுக்க உட்கார்ந்தால் அந்த பெஞ்சிலும் பொறி வைத்திருக்கிறார்கள்.

சாய்வுப் பாய்ச்சல் ஒத்தே வரவில்லை என்றால் கிரெஸ்ட்டை மாற்றுங்கள். இதைச் செய்யாமலே கேமைக் கைவிட்டவர்கள் ஏராளம். கிரெஸ்ட் என்பது வெறும் அலங்காரமல்ல, ஹார்னெட்டின் ஆயுதமான ஊசியின் வீச்சு, கீழ்த்தாக்குதல், டூல் வைக்கும் இடங்கள் எல்லாமே அதோடு மாறும். ‘வாண்டரர்’ கிரெஸ்ட் முதல் கேமைப் போலவே நேர் கீழே அடிக்கிறது. வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. கிரேமூர் பகுதியில் கிடைக்கும் ‘ரீப்பர்’ அகலமாக வீசும், பைண்ட் செய்தபின் சிறிது நேரம் அடிக்கு அடி கூடுதல் பட்டும் தரும். பறக்கும் எதிரிகளுக்கு ரீப்பர், நிதானமான துள்ளலுக்கு வாண்டரர். பெஞ்சில் உட்கார்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது.

காசு என்றதும் ரோசரி மணிகள். சில பெஞ்சுகளுக்கும், விரைவாகப் பயணிக்க உதவும் ‘பெல்வே’ என்ற மணிப்பாதை நிலையங்களுக்கும் முதல் தடவை கட்டணம். சம்பாதிக்கவோ வழி குறுகல், ஏனென்றால் யாத்ரீகர் சாயலில் வரும் எதிரிகள்தான் மணி தருகிறார்கள். காட்டு உயிர்களை எத்தனை கொன்றாலும் டூல்களுக்கு உதவும் ஓட்டுச் சில்லுதான். செத்தால் மணிகள் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும், எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் எல்லாம் போச்சு. பாதுகாப்புக்கு 80 மணி போட்டு 60 மணிச் சரமாகக் கோத்து வாங்கலாம். கால் பங்கு கூலி அதிகம்தான். இருந்தாலும் புது பாஸ் அறைக்குள் நுழையும் முன் கோத்துக்கொள்வதே புத்தி. கூலியில் போவது 20, சாவில் போவது மொத்தமும். அந்தக் கூட்டைப் பற்றி இன்னொன்று: உடைத்தால் பட்டுச் சுருள் நிரம்பும். பாஸ் அறைக்குள்ளேயே அது தொங்கினால் நுழைந்தவுடன் உடைக்காதீர்கள். சண்டை நடுவில் உயிர் குறைந்தபோது உடைத்தால் உடனே ஒரு பைண்ட் கையில்.

பாஸ் வரை மறுபடி மறுபடி ஓடும் தொல்லையில் ரசிகர்கள் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. கோட்டை வாசலைக் காக்கும் பாஸ் ‘லாஸ்ட் ஜட்ஜ்’ நல்ல சண்டை. அடி எல்லாம் முன்கூட்டியே தெரியும், கற்றுக்கொள்ளலாம். ஆனால் தோற்ற ஒவ்வொரு முறையும் காற்றடிக்கும் மேடைகளைத் தாண்டி, துளைப்பான் மூக்கோடு வரும் பூச்சிகளிடமிருந்து தப்பி வர வேண்டும். இந்த ஓட்டம் சண்டையைப் பற்றி எதையும் கற்றுத் தருவதில்லை, கையைச் சோர்வடையச் செய்வதோடு சரி. பூச்சிகளோடு மோதாமல் வேக ஓட்டத்தை விடாமல் பிடித்துப் போவதே வழி. ஜட்ஜ் விழுந்தவுடன் கொண்டாட வேண்டாம். சாகும்போது வெடிக்கும், கிட்டே நின்றால் வென்ற கையோடு செத்துப் போவீர்கள். சுத்தமாக ஒத்துவரவில்லையா? கோட்டைக்குள் போக இன்னொரு வழியும் உண்டு. சின்னர்ஸ் ரோடு வழியாக மூடுபனிப் பகுதிக்குப் போய், அங்கே நீடோலின் என்ற இசைக்கருவியை மீட்டினால் வண்ணத்துப்பூச்சிகள் திசை காட்டும். அந்தப் பாதையின் முடிவில் வேறொரு பாஸ்.

பைல்வாட்டர் பகுதி இன்னும் மோசம். புழு நெளியும் நீரில் விழுந்தால் குணமாக முடியாது. நல்ல நீரில் கழுவ வேண்டும், அல்லது ஒரு பைண்டைச் செலவழித்துப் புழுவை மட்டும் உதற வேண்டும். பெஞ்சோ உடையும் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காதவர் அங்குள்ள பாஸ் குரோலைச் சந்திக்கப் போகும் தூரம் தண்டனைதான். புழு பிடிக்காமல் காக்கும் ‘ரீத் ஆஃப் ப்யூரிட்டி’ டூல் கையில் இல்லாமல் இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

வெளியாகிச் சில நாட்களிலேயே வந்த முதல் பேட்ச் (திருத்தம்), மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் சற்று எளிதாக்கியது. நடுப்பகுதி பெஞ்ச், மணிப்பாதைக் கட்டணங்களைக் குறைத்தது, சில வேலைகளுக்கான மணிக் கூலியை உயர்த்தியது. குறைத்ததே தவறு என்று ஒரு கூட்டம், போதாது என்று மறு கூட்டம். குறைத்த இடங்கள் சரியான இடங்கள், ஓட்டங்களைத் தொடாமல் விட்டதுதான் குறை. சீன ரசிகர்களின் கோபம் வேறு வகை. எளிமையாக்கிய சீன எழுத்தில் வந்த மொழிபெயர்ப்பின் நடை கதையையே கெடுத்துவிட்டது என்று ஸ்டீமில் எதிர்மறை மதிப்பீடுகளைக் குவித்தார்கள். திருத்துவதாக டீம் செர்ரி சொல்ல வேண்டி வந்தது. சொல்லாமல் சொல்லியே கதை நடத்தும் கேமுக்கு இது சின்ன விஷயமல்ல.

இத்தனை குறைக்குப் பிறகும் ஏன் விட முடியவில்லை என்றால், ஹார்னெட் நகரும் விதம். சுவரைப் பற்றும் திறனும் காற்றில் மிதக்கும் அங்கியும் கிடைத்தபின், ஓட்டத்திலிருந்து தாவி, சுவரில் கால் வைத்து, அந்தரத்தில் ஊசியைச் செருகி எழும் அந்தத் தொடர்ச்சி தடங்கலே இல்லாமல் வருகிறது. லேஸ் என்ற எதிரியுடன் நடக்கும் முதல் சண்டையில் இரண்டு ஊசிகளும் மோதித் தெறிக்கும் ஓசைக்கே இன்னொரு முறை தோற்கலாம். கதை நடக்கும் ஃபார்லூம் நாடு மணியோசையால் கட்டப்பட்டது. கீழே பாசிக் குகையில் தொடங்கி மேலே கோட்டை வரை ஏறும் யாத்திரையாகவே மொத்த வரைபடமும் அமைந்திருக்கிறது. பாட்டுப் பாடியபடி ஆபத்து தெரியாமல் வரும் சின்ன யாத்ரீகன் ஷெர்மாவை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுவதில் வியப்பில்லை. கிறிஸ்டோபர் லார்கினின் இசை அவன் பாட்டையும் பாஸ் சண்டையையும் ஒரே உலகத்தில் வைக்கிறது. அடிலெய்டில் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு குழு இவ்வளவையும் 20 டாலருக்குத் தந்ததைக் கடும் விமர்சகர்களும் மறுக்கவில்லை.

முதல் கேமை முடித்து, அதன் கடைசிச் சவால்களையும் ரசித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் கேமைத் தொடாதவர்கள் அங்கிருந்து தொடங்குவது மேல். கதைக்காக அல்ல, கைப் பழக்கத்துக்காக. வாங்கியவர்கள் ஹன்டர்ஸ் மார்ச்சை முதலில் ஒதுக்கிவிட்டு டீப் டாக்ஸ், ஃபார் ஃபீல்ட்ஸ் பக்கம் போங்கள், மிதக்கும் அங்கி அங்கேதான். பெல்ஹார்ட் ஊரை விடுவித்ததும் ஊசியைக் கூர்தீட்டும் பின்மாஸ்டரை உடனே பாருங்கள். முதல் கூர்தீட்டல் இலவசம்.