இரண்டு சாவி, இரண்டு டிஸ்க்: பனியன் கம்பெனியில் நான்கு வருடம்

திருப்பூரில் 40 மெஷின் ஓடும் சின்ன யூனிட் எங்களுடையது. ஆபீசில் 6 கம்ப்யூட்டர், அதில் ஒன்றில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர். 2021 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "டேலி தொறக்க மாட்டேங்குதுங்க தம்பி. ஃபைல் பேரெல்லாம் வேற மாதிரி மாறிக் கெடக்குது."

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் புரியாத எழுத்துகள். டெஸ்க்டாப்பில், பூட்டிய ஃபைல்களைத் திறந்துவிட பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். கொரோனா சமயத்தில் அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை ரவுட்டரில் அப்படியே திறந்து விட்டிருந்தோம். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம். திருடனைத் திட்டக்கூட முகமில்லை. பேக்கப் இல்லாமலில்லை, இருந்தது. அதே மெஷினில் வருடக்கணக்கில் செருகியே கிடந்த பென் டிரைவில். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. பணம் கட்டவில்லை. ஆடிட்டரிடம் ஜூன் வரைக்குமான நகல் இருந்ததால் தப்பித்தோம். மீதியைப் பில் பில்லாக எடுத்து ஏற்ற 17 நாள் ஆனது.

முதல் வேலையாக அந்தப் போர்ட்டை மூடி, வெளியிலிருந்து பூட்டிய பாதை வழியாக மட்டும் உள்ளே வரவிடும் விபிஎன் போட்டோம். அப்புறம் வாங்கியவற்றில் உருப்படியாக உழைத்தவை இரண்டுதான்.

ஒன்று, இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் ஒன்றில் பேக்கப் எடுத்து, கழற்றி, வீட்டு பீரோவுக்குக் கொண்டு போய்விடுவேன். பீரோவில் இருந்தது அடுத்த வாரம் ஆபீசுக்கு வரும். செருகியே வைத்தால் மறுபடி பென் டிரைவ் கதைதான். இதிலும் ஒரு முறை வழுக்கி விழுந்தேன். டேலியைப் புது வெர்ஷனுக்கு மாற்றியபோது டேட்டா ஃபோல்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் எழுதி வைத்த பேக்கப் பழைய ஃபோல்டரையே 8 மாதம் பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. சும்மா சோதனைக்காக வேறொரு லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது மாதம் ஒரு முறை அந்த லேப்டாப்பில் ஏற்றி, கடைசி வவுச்சர் எந்தத் தேதி என்று அக்காவையே பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, செக்யூரிட்டி கீ. பென் டிரைவ் போலவே இருக்கும், ஒன்று ஏறக்குறைய 3,000 ரூபாய். மெயிலில் நுழையும்போது செருகி, விரலால் தொட வேண்டும். ஓடிபி போதாதா என்று அப்பா கேட்டார். போலி லாகின் பக்கத்தில் நாம் தட்டும் 6 இலக்கத்தை, திருடன் அந்த நொடியே உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடலாம். கீ அப்படியல்ல. எந்த முகவரியில் பதிவு செய்தோமோ அந்த முகவரிக்குத்தான் பதில் சொல்லும். பக்கம் அச்சு அசலாக இருந்தாலும் முகவரியில் ஓர் எழுத்து மாறினால் அசையாது. நம் கண் ஏமாறும், அது ஏமாறாது.

குறைகளும் உண்டு. எங்கள் வங்கித் தளம் இதை ஏற்பதில்லை, அங்கே இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபிதான். ஆளுக்கு இரண்டு கீ பதிவு செய்யாவிட்டால் தொலைந்த அன்று தெருவில் நிற்போம். என்னுடையது ஒன்று ஜீன்ஸ் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குப் போய் உயிரோடு திரும்பியது. இன்னொன்று கட்டிங் வேஸ்ட் மூட்டையோடு போனது, திரும்பவில்லை.

எல்லாருக்கும் கீ கொடுத்தேன், பையர்களோடு ஆர்டர் விஷயம் பேசும் மெர்ச்சன்டைசர் பையனைத் தவிர. அவன் போனில் அந்த முனை நுழையவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். 2023-இல் டென்மார்க் பையர் அம்மா போனில் கூப்பிட்டு, "உங்கள் வங்கி எப்போது போலந்துக்குக் குடிபோனது?" என்று கேட்டார். எங்கள் பெயரில், எங்கள் ஆர்டர் எண்ணோடு, பழைய மெயிலுக்குப் பதிலாகவே ஒரு மெயில் போயிருக்கிறது: கணக்கு மாறிவிட்டது, 18,400 யூரோவைப் புதுக் கணக்கில் போடவும். அனுப்பியவர் முகவரியில் எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. போன் திரையில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பணம் போகாததற்கு ஒரே காரணம், முன்கூட்டி அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்சின் அடியில் "வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் சொல்ல மாட்டோம், போனில் கேளுங்கள்" என்று நாங்கள் அச்சடித்திருந்த ஒரு வரி. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆர்டர் எண் எப்படிப் போனது? கீ இல்லாத பையனின் மெயிலுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள்; அதன் செட்டிங்ஸில் ஒரு ரூல் உட்கார்ந்திருந்தது. இன்வாய்ஸ், பேமெண்ட் என்ற சொல் வரும் மெயிலெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கும் போகும்படி, 5 வாரமாக. பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ரூல் போகாது, தேடி அழிக்க வேண்டும். மறுநாளே அவனுக்கும் பொருந்துகிற கீ வாங்கினேன்.

அதற்கு முன்பே எங்கள் டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயருக்கு, டிமார்க் என்ற பாதுகாப்பு போட்டிருந்தோம். சரியாக நம் டொமைன் பெயரிலேயே போலி மெயில் அனுப்புவதை அது தடுக்கும். ஓர் எழுத்து மாற்றிய டொமைனை அது கண்டுகொள்ளாது. போடுகிறவர்கள் எடுத்தவுடன், சோதனையில் தேறாத மெயிலை ஏற்க வேண்டாம் என்று சொல்லும் ரிஜெக்ட் போடாதீர்கள். அவசரப்பட்டதில் எங்கள் சம்பள ஸ்லிப் மெயில்கள் ஒரு வாரம் காணாமல் போயின. முன்பெல்லாம் மோசடி மெயிலை இங்கிலீஷ் தப்பை வைத்தே பிடிப்போம். இப்போது அவர்கள் இங்கிலீஷ் எங்கள் மெர்ச்சன்டைசருடையதைவிட நன்றாக இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றதால் ஆபீசில் இரண்டு மெஷின் மாற்றினேன். துணி வெட்டும் வடிவங்களைத் தாளில் வரையும் பேட்டர்ன் பிளாட்டரோடு இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் விண்டோஸ் 7, புதுசில் அந்த பிளாட்டர் ஓடாது. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சிவப்பு நூல் கட்டிய ஒரு பென் டிரைவ் மட்டும்தான் அதில் போகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்புக்குத்தான் என்னிடம் வழியில்லை. போன மாதம் கட்டிங் மாஸ்டர் போனுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஓர் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைல், வந்தது. அவர் தொடுவதற்குள் செக்கிங் பொண்ணு பார்த்துவிட்டாள், "அண்ணா, பத்திரிகைன்னா படமா வரும், இன்ஸ்டால் கேக்காது" என்று. பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, அக்கா டேபிள் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். இதுவரை அழைக்க நேரவில்லை.