‘முழு உரம்’ எந்த அளவுக்கு முழுமை? தொட்டிச் செடிகளுக்கான மூன்று உரங்கள், ஒரு பருவ மதிப்பீடு

தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டியில் செடி வளர்ப்பவர், உரம் வாங்கும்போது மண்ணில் வளர்ப்பவரைவிடக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மண்ணில் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் மெக்னீசியமும் ஓரளவு ஏற்கெனவே இருப்பதால், உரத்தில் ஏதேனும் ஒன்று விடுபட்டாலும் வேர் அதை மண்ணிலிருந்து தேடி எடுத்துக்கொள்ளும். நார்த்தூளில் அந்தக் கையிருப்பு இல்லை. நாம் கரைத்து ஊற்றுவதுதான் செடிக்குக் கிடைக்கும் உணவு. அதனால் ‘முழுமையான உரம்’ என்று பொட்டலத்தின் முகப்பில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாமல், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அப்படிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மூன்று வகை உரங்களை ஒரு பருவம் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ரகத் தக்காளி, 12 தொட்டிகள், ஒவ்வொரு உரத்துக்கும் நான்கு. நன்கு கழுவிய ஒரே நார்த்தூள், உப்பு மிகக் குறைந்த ஒரே நீர், ஒரே வெயில். முதல் வகை, பலரும் வாங்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளைக் குறிக்கும் எண்கள்) என்ற நீரில் கரையும் தூள், நுண்ணூட்டங்கள் சேர்ந்தது. இரண்டாவது, 4:18:38 என்ற தூளுடன் கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) தனித்தனியாகச் சேர்த்துக் கரைக்கும் மும்முறைக் கலவை. மூன்றாவது, மேலுறை பூசப்பட்டு மெதுவாகச் சத்தை வெளிவிடும் குருணை. நான்கு நான்கு செடிகளை வைத்து விஞ்ஞான முடிவு எதையும் சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணில் பட்ட வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் வேதியியலில் தெளிவான காரணம் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. அவற்றுள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகின்றன. எஞ்சிய 14 தனிமங்களை வேர் வழியே கொடுத்தாக வேண்டும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மெக்னீசியம், கந்தகம் என ஆறு பேரளவிலும், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் என எட்டு மிகச் சிறிய அளவிலும். குளோரினும் நிக்கலும் பெரும்பாலும் நீரிலும் பிற உப்புகளிலும் கலந்தே வந்துவிடுவதால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மற்ற 12 தனிமங்களும் பட்டியலில் இருந்தால்தான், மண்ணில்லா வளர்ப்பில் அதை முழு உரம் என்று அழைக்க நான் ஒப்புவேன். நான் வாங்கிய முதல் பொட்டலத்தில் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. முகப்பில் மட்டும் ‘முழுமையான’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது.

பட்டியலைப் படிக்கும்போது பலர் தவறவிடும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்தின் நேரடி விழுக்காடு; ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படி அல்ல. மணிச்சத்தைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடாகவும் சாம்பல்சத்தைப் பொட்டாசியம் ஆக்சைடாகவும் கணக்கிட்டு எழுதும் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது. உண்மையான பாஸ்பரஸை அறிய இரண்டாவது எண்ணை 0.44 ஆலும், உண்மையான பொட்டாசியத்தை அறிய மூன்றாவது எண்ணை 0.83 ஆலும் பெருக்க வேண்டும். ஆகவே 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் கரைத்தால் தழைச்சத்து 190 பிபிஎம் (லிட்டருக்கு 190 மில்லிகிராம்), பாஸ்பரஸ் ஏறத்தாழ 83 பிபிஎம், பொட்டாசியம் ஏறத்தாழ 158 பிபிஎம் கிடைக்கும். சமச்சீர் உரம் என்ற பெயர் வேதியியல் அளவில் பொருந்தவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். செடியின் உலர்ந்த திசுவில் தழைச்சத்தை ஒப்பிடும்போது பாஸ்பரஸ் ஏழில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். இந்தத் தூளோ பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு பாஸ்பரஸைக் கொடுக்கிறது. மிகுந்த பாஸ்பரஸ் உடனே செடியைக் கொன்றுவிடாது. ஆனால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பதை அது தடுக்கும். மிச்சம் வடிநீரோடு வெளியேறி எங்கோ ஒரு குளத்தில் பாசியாக முளைக்கும்.

19:19:19 பற்றிய என் பெரிய மனக்குறை பாஸ்பரஸ் அல்ல, தழைச்சத்தின் வடிவம். என் பொட்டலத்தில் இருந்த தழைச்சத்தில் பாதிக்கும் மேல் யூரியாவாக இருந்தது. எஞ்சியது அமோனியமும் நைட்ரேட்டும். நுண்ணுயிர்கள் நிறைந்த மண்ணில் யூரியா விரைவில் அமோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறிவிடும். புதிய நார்த்தூளில் அந்த இரண்டாம் மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் குறைவு. அமோனியம் வேரடியில் தங்கி, கால்சியம் உள்ளே செல்லும் வழியில் போட்டியிடுகிறது. கரைசலின் அமிலத்தன்மையையும் கூட்டுகிறது. மேலும், யூரியா மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு என்பதால், கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டு உப்பின் அளவைக் காட்டும் இசி மீட்டரில் அது தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று எண்ணி இன்னும் ஒரு கரண்டி தூளைச் சேர்ப்பவர், தம்மை அறியாமலே தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிடுவார். முதல் மாதத்தில் இந்த நான்கு செடிகளும்தான் மற்ற எட்டையும்விடக் கரும்பச்சையாக, அகன்ற இலைகளோடு நின்றன. அந்தத் தோற்றத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதியிருந்தால் நான் தவறியிருப்பேன். முதல் கொத்தில் சில காய்களிலும், இரண்டாம் கொத்தில் பெரும்பாலான காய்களிலும் அடிப்பகுதி கறுத்து அழுகத் தொடங்கியது. அதே வேளையில் கீழ் இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாயிற்று. முன்னது கால்சியம் பற்றாக்குறை. பின்னது மெக்னீசியம் பற்றாக்குறை. மெக்னீசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடும் என்பதால் குறை கீழே தெரிகிறது. கால்சியத்தை அப்படி இடம்மாற்ற இயலாது என்பதால் அதன் குறை இளம் திசுவிலும் காயிலும் தெரிகிறது.

இதே தூளைப் புகழ்ந்து பேசுபவர்கள் ஏராளம், அவர்கள் பொய் சொல்லவில்லை. கடின நீரை ஊற்றுபவருக்குக் கால்சியமும் மெக்னீசியமும் நீரிலேயே வந்துவிடுகின்றன. மண்புழு உரமும் தோட்ட மண்ணும் கலந்த தொட்டி என்றால் அங்கிருந்தும் கிடைக்கின்றன. மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ வெறும் நார்த்தூளில் ஊற்றுபவருக்குத்தான் இந்தப் பள்ளம் திறக்கிறது. உரத்தைப் பற்றிய ஒருவரின் பரிந்துரையைக் கேட்கும் முன் அவர் எந்த நீரை ஊற்றுகிறார் என்று கேட்பது நல்லது.

அப்படியானால் உற்பத்தியாளர்கள் கால்சியத்தையும் அதே பொட்டலத்தில் போட்டுவிடக் கூடாதா என்ற கேள்வி எழும். அடர்ந்த கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் கரையாத கால்சியம் பாஸ்பேட் உருவாகும். கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சம் உருவாகும். பெரிய பசுமைக்குடில்களில் ‘அ தொட்டி’, ‘ஆ தொட்டி’ என்று அடர்கரைசல்களை இரண்டாகப் பிரித்து வைப்பதற்கு இதுவே காரணம். அனைத்தையும் ஒரே குவளையில் சிறிது நீரில் கரைத்தபோது, சில நிமிடங்களில் அடியில் வெண்ணிற வண்டல் படிந்ததை நானே கண்டேன். அந்த வண்டல்தான் செடிக்குப் போய்ச் சேராத கால்சியமும் பாஸ்பரஸும்.

இரண்டாவது வகையான மும்முறைக் கலவையை நான் லிட்டருக்கு 4:18:38 தூள் 0.6 கிராம், கால்சியம் நைட்ரேட் 0.6 கிராம், எப்சம் உப்பு 0.3 கிராம் என்ற அளவில் கரைத்தேன். கணக்கிட்டால் தழைச்சத்து ஏறத்தாழ 117 பிபிஎம், பாஸ்பரஸ் 47, பொட்டாசியம் 189, கால்சியம் 113, மெக்னீசியம் 29 என வருகிறது. தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் நைட்ரேட் வடிவில் இருப்பதால், மீட்டர் காட்டும் எண்ணும் செடிக்குக் கிடைப்பதும் ஒத்துப்போகின்றன. கலக்கும் முறையில் மட்டும் ஒழுங்கு வேண்டும். முழு அளவு நீரை முதலில் எடுத்துக்கொண்டு, தூளைக் கரைத்து, அது தெளிந்தபின் எப்சம் உப்பைக் கரைத்து, கடைசியில் கால்சியம் நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். நீர்த்த நிலையில் சந்திக்கும்போது அவை படிவதில்லை. இந்த நான்கு செடிகளும் தொடக்கத்தில் சற்று வெளிர்ந்த பச்சையாகவும் கணுவிடை குறுகியும் இருந்தன. பருவம் முடியும் வரை அடி அழுகல் ஒரு காயில்கூட வரவில்லை. காய்களின் எண்ணிக்கையிலும் எடையிலும் இவைதாம் முன்னின்றன.

குறையில்லாமல் இல்லை. மூன்று பொருள்களைத் தனித்தனியே வாங்கி, எடைபோட்டு, வரிசை தவறாமல் கலக்க வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாத சமையலறைத் தராசில் 0.3 கிராமை அளக்க முடியாது; 10 லிட்டருக்கு மொத்தமாகக் கலப்பதே நடைமுறைக்கு ஏற்றது. நேரமோ பொறுமையோ இல்லாதவர், கால்சியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டு, பாஸ்பரஸ் குறைத்து வடிவமைக்கப்பட்ட 15:5:15 போன்ற ஒற்றைத் தூளைத் தேடலாம். அத்தகைய உரங்களில் தொழிற்சாலையே படிவைத் தவிர்க்கும் உப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கும். கந்தகம் மட்டும் குறைவாக இருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் பட்டியலில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரும்பைப் பற்றித் தனியே ஒரு சொல். பட்டியலில் இரும்பு என்று இருந்தால் போதாது, எந்தக் கிலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம்) என்றும் எழுதியிருக்க வேண்டும். ஈடிடிஏ வடிவ இரும்பு பிஎச் 6.5ஐத் தாண்டினால் நிலைகுலையத் தொடங்கும். டிடிபிஏ வடிவம் 7 வரை தாங்கும். செந்நிறமாகக் கரையும் ஈடிடிஎச்ஏ வடிவம் அதற்கும் மேலே, கடின நீரிலும் நிற்கும். வெறும் இரும்பு சல்பேட்டைச் சேர்த்துவிட்டு நுண்ணூட்டம் உண்டு என்று எழுதியிருக்கும் பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. நார்த்தூளில் பிஎச் 5.5 முதல் 6.5 வரை வைத்திருப்பவருக்கு ஈடிடிஏ போதும். அதைத் தாண்டும் நீர் உள்ளவர் அடுத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நலம்.

மேலுறைக் குருணை எனக்கு இதமான வியப்பைத் தந்தது, கூடவே ஓர் எச்சரிக்கையையும். நடும்போது ஒருமுறை கலந்துவிட்டால் தினமும் கரைக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போகிறவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ‘ஐந்து ஆறு மாதங்கள்’ என்று எழுதியிருக்கும் காலம் பெரும்பாலும் 21 பாகை செல்சியஸ் அளவை ஒட்டிக் கணக்கிடப்பட்டது. உறை வழியே சத்து கசியும் வேகத்தை முடிவு செய்வது வெப்பம். 30 பாகையைத் தாண்டும் வெயிலில் தொட்டியின் வேர்ப்பகுதி சூடேறும்போது, அதே குருணை வெகு முன்பே தீர்ந்துவிடும். நடுவில் சத்து மொத்தமாகக் கசிந்து இலை விளிம்பு கருகுவதும் உண்டு. என் செடிகளில் நான்காம் மாதத்தில் கீழ் இலைகள் ஒரே சமயத்தில் வெளுத்தன. குருணையிலும் கால்சியம் போதிய அளவில் இல்லாததால் அடி அழுகல் சில காய்களில் வந்தது, ஆனால் முதல் வகையைவிட மிகக் குறைவு. கீரைக்கும் துளசிக்கும் புதினாவுக்கும் இதையே பரிந்துரைப்பேன். காய் கனமாகப் பிடிக்கும் செடிக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

மண்புழு உரம், பிண்ணாக்கு போன்றவற்றை இங்கே சேர்த்து மதிப்பிடவில்லை. அவை நல்லவை, ஆனால் நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுத்தால்தான் செடிக்குக் கிடைப்பவை. வெறும் நார்த்தூளில் அவற்றின் வேகம் வேறு கணக்கு.

பூக்கும் பருவத்துக்கென்று விற்கப்படும் 0:52:34 போன்ற பாஸ்பரஸ் மிகுந்த உரங்களைப் பற்றி மிகுதியாகக் கேட்கிறார்கள். பாஸ்பரஸைக் கூட்டினால் பூ கூடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பூவையே அறுவடை செய்யும் பயிரான மருத்துவக் கஞ்சாவுக்கு, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், இத்தகைய ‘பூ ஊக்கிகள்’ பெருமளவில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அந்தப் பயிரிலேயே உட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: வேரடியில் பாஸ்பரஸைக் கூட்டியபோது மகசூலும் தரமும் உயரவில்லை, வடிநீரில் கலந்து வெளியேறிய பாஸ்பரஸ்தான் உயர்ந்தது. தக்காளிக்கோ மிளகாய்க்கோ வேறு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொட்டலத்துக்குச் செலவிடும் தொகையில் நல்ல கால்சியம் நைட்ரேட் வாங்கிவிடலாம்.

உரம் எதுவாயினும் நார்த்தூளை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். கழுவாத நார்த்தூளில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் ஊற்றும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை அது வெளியே தள்ளும். அதனால் முதல் சில வாரங்களில் எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் செடிக்குக் குறைவாகவே கிடைக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு நல்ல நீரில் அலசிவிட்டு நடுவதே சிறந்த முறை. நட்ட பிறகு ஒவ்வொரு முறையும் ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை அடியில் வடியும்படி ஊற்றினால் உப்பு சேராது. வடிநீரின் இசி, ஊற்றிய கரைசலின் இசியைவிட வெகுவாக ஏறினால் அடுத்த முறை வெறும் நீர்.

வரும் பருவத்துக்கு நான் மும்முறைக் கலவையையே வாங்கி வைத்திருக்கிறேன். 19:19:19 பொட்டலத்தில் மிஞ்சியதை மண் தொட்டிகளில் இருக்கும் பூச்செடிகளுக்குப் பாதி அளவில் கொடுத்துத் தீர்த்துவருகிறேன். அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. கால்சியம் நைட்ரேட்டைப் பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சில நாட்களில் கூழாகிவிடும், பிறகு எடைபோட்டாலும் அந்த எடையில் நீரும் சேர்ந்திருக்கும்.