ஏற்காட்டு பனிக்கு எந்த போல்ட்டு? ஜிங்க், ஜிஐ, எவர்சில்வர் மூணையும் போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்

ஏற்காட்டுல எங்க அத்தை வீட்டு வாசல்ல சில்வர் ஓக் பலகையில ஒரு பெஞ்சு போட்டோம், பளபளன்னு இருக்கேன்னு சேலத்துலருந்து சாதா ஜிங்க் போல்ட்டு வாங்கிட்டுப் போனேன், ரெண்டு மழைக்காலம் தாண்டல, ஒவ்வொரு போல்ட்டு தலைக்குக் கீழயும் பலகையில செம்மண் தண்ணி ஒழுகுன மாதிரி கறை. கழட்டலாம்னு 13 ஸ்பேனர் போட்டா தலை முனையெல்லாம் துருவுல மழுங்கி வழுக்குது, கடைசில ஆக்சா பிளேடு வெச்சு அறுத்துதான் எடுத்தோம். அதே பொட்டலத்துல மிச்சமிருந்தத சேலத்து வீட்டுல ஷெல்ஃபுக்குப் போட்டேன், இன்னைக்கும் புதுசாட்டம் இருக்கு.

அப்ப ஜிங்க் மோசம்னு இல்ல, வீட்டுக்குள்ள காய்ஞ்ச இடத்துக்கு அதுவே போதும், விலையும் கம்மி. ஆனா அது மேல இருக்குற பூச்சு பெரும்பாலும் 5லருந்து 10 மைக்ரான்தான், உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுக்குற ஹாட் டிப் ஜிஐல 40க்கு மேல வரும், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உசரத்துல காலைல பத்து மணி வரைக்கும் பனி மூடுற ஊருல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். ஜிஐ பாக்க சொரசொரன்னு மங்கலா இருக்கும், கேட்டு, ஷெட்டு, வேலிக்கு அதுதான் என் சாய்ஸ். ஒண்ணு, பூச்சு தடிமனா இருக்குறதால சாதா நட்டு அதுல ஏறாது, அதுக்குன்னு மரை கொஞ்சம் பெருசா போட்ட ஜிஐ நட்டையே சேத்து வாங்கணும்.

எவர்சில்வர்ல 304 கேளுங்க, பெஞ்சுக்கு இப்ப அதான் போட்டிருக்கேன், கறையே இல்ல. பலத்துல 8.8னு தலையில அடிச்ச இரும்பு போல்ட்ட விட 304 போல்ட்டுல வர்ற ஏ2-70ங்கற ரகம் ஒரு படி கம்மிதான், அது 800 மெகாபாஸ்கல் இது 700, பெஞ்சுக்கு ரெண்டுமே தாராளம். பயம் வேற இடத்துல: எவர்சில்வர் நட்ட டிரில் மெஷின்ல சர்ருன்னு ஏத்துனா மரையோட மரை கடிச்சுக்கும், அப்புறம் முன்னயும் போகாது பின்னயும் வராது. மரையில துளி கிரீஸ் தடவி கையாலயே மெதுவா முறுக்குங்க.

வாஷரத்தான் நம்மாளுங்க யாரும் கண்டுக்கறதில்ல, எனக்கு அதான் ஆதங்கம். 8 எம்எம் சாதா வாஷர் 16 எம்எம் அகலம், மரத்துல இறுக்க இறுக்க உள்ள அமுங்கிடும், 24 எம்எம் அகல வாஷர் போட்டா அமுங்காது. ஊஞ்சல் மாதிரி ஆடுற சாமானுக்கு ஸ்ப்ரிங் வாஷர நம்பாதீங்க, முழுசா இறுக்குனா அது தட்டையாகிடும், ஆட்டத்துல நட்டு கழலறத அது பெருசா தடுக்காது. உள்ள நைலான் வளையம் வெச்ச நைலாக் நட்டு போடுங்க, கழட்டுனா புதுசு மாத்திடுங்க.

இன்னொண்ணு, பழைய கேட்டுக்கு நட்டு மட்டும் வாங்கறவங்க ரெண்டரை நூலா (அதாவது 5/16 இஞ்ச்) 8 எம்எம்மான்னு பாத்துக்குங்க. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ரெண்டு மூணு மரை ஏறும், அப்புறம் இறுகி நிக்கும், ஸ்பேனர் போட்டு அமுக்குனா மரை போயிடும். கடைய விட்டு இறங்குறதுக்கு முன்னாடி பழைய போல்ட்டுலயே நட்ட கையால கடைசி மரை வரைக்கும் ஓட்டிப் பாத்துருங்க, மேல போயி மாட்டலன்னா இருபது கொண்டை ஊசி வளைவும் திரும்ப இறங்கணும்.