500 வாட் என்று விற்ற பேஸ் ஆம்ப்: உள்ளே இருந்தது 70 வாட், எர்த் கிடையாது

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள், அதிலும் முதல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகள், தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். காசு போனதை விடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

சென்னையில் ஐந்து பேர் கொண்ட ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ரிசப்ஷன், கோயில் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா என்று எல்லாமே சின்ன மேடைகள். ஒத்திகைக்கு வடபழனியில் வாடகைக்கு ஒரு அறை. இத்தனை வருஷமும் இரவல் ஆம்பில் ஓட்டினேன். ஐப்பசி முகூர்த்தங்களில் வந்த காசையெல்லாம் சேர்த்துவைத்து, கார்த்திகையில் சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நல்ல பெரிய கடைதான். 15 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, ஒன்றைக் காட்டினார்கள். முன்னால் கொட்டை எழுத்தில் 500 வாட். விலை 16,500. புளூடூத்தில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "கல்யாண மண்டபமே தாங்கும் சார்" என்றார். என் பேஸைக் கொண்டுபோகாமல் போனது நான் செய்த முதல் தப்பு. பதிவு செய்த பாட்டில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஏற்கெனவே அமுக்கிச் சீராக்கியிருப்பார்கள். கையால் அடிக்கிற பேஸ் ஸ்ட்ரிங் ஒவ்வொரு அடிக்கும் துள்ளி எழும். அந்தத் துள்ளலைத் தாங்குகிறதா என்பதுதான் ஆம்புக்குப் பரீட்சை. சின்ன அறையில், டிரம்ஸ் இல்லாமல், புளூடூத் பாட்டில் எந்தப் பெட்டியும் பாஸாகிவிடும்.

பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி. பில்னா 18 பர்சென்ட் கூட ஆகும் சார்" என்று சொல்லி, ஒரு எஸ்டிமேட் சீட்டில் 'மியூசிக் ஐட்டம் 1' என்று எழுதிக் கொடுத்தார்கள். சீரியல் நம்பர் இல்லை, மாடல் பெயர் இல்லை. அது இரண்டாவது தப்பு.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. டிரம்மர் கிக் டிரம்மை மிதித்ததும் என் கீழ் ஸ்ட்ரிங் காணாமல் போனது. வால்யூமை முக்கால் வரைக்கும் ஏற்றினால் 'பர்ர்ர்' என்று கிழிகிறது. பேஸின் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழ் ஸ்வரத்துக்கு ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதனால்தான் கிட்டார்காரர் 30 வாட்டில் சமாளிக்கிற இடத்தில் நமக்கு அதைப்போல் பல மடங்கு தேவைப்படுகிறது. இத்தனைக்கும், வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும்.

மறுநாளே கடைக்குப் போன் செய்தேன். "சர்வீஸ் பையன் ஊருக்குப் போயிருக்கான், அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அதே பதில். ஐந்து வாரம் இப்படியே இழுத்துவிட்டு, "வித்த பொருளைத் திருப்பி எடுக்கறதில்லை சார், சீட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்றார்கள். ஏன் இழுத்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நல்லவேளை, ஒவ்வொரு முறையும் போனில் பேசிய கையோடு வாட்ஸ்அப்பிலும் எழுதிப்போட்டிருந்தேன். முதல் செய்தி நான்காம் நாள் தேதியில் இருக்கிறது.

தை மாதம் ஒரு ரிசப்ஷன். வேறு வழியில்லாமல் அதே ஆம்பைக் கொண்டுபோனேன். மிக்சர்காரர் பின்பக்கத்து டி.ஐ. அவுட்டிலிருந்து, அதாவது ஆம்பின் சத்தத்தை நேராக மிக்சருக்கு அனுப்புகிற சாக்கெட்டிலிருந்து, லைன் எடுத்தார். ஸ்பீக்கரெல்லாம் 'ம்ம்ம்' என்று இரைச்சல். எப்படியோ சமாளித்து ஆரம்பித்தோம். இரண்டாவது பாட்டில் கோரஸ் பாட மைக் பக்கம் போனேன். உதடு பட்டதும் சுரீர் என்று இழுத்தது. கை ஸ்ட்ரிங்கில், வாய் மைக்கில். பேஸை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தேன். எங்கள் பாடகிக்கு 19 வயது. அன்று அதே மைக்கில் பாடிக்கொண்டே, அவ்வப்போது என் பேஸின் தலையில் கை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஆம்ப் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். முப்பது வருஷ அனுபவம். பின்பலகையைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பின் பிளக், மூன்று கம்பி வயர், எல்லாம் சரி. ஆனால் எர்த் கம்பியைச் சேசிஸ் என்கிற தகரக் கூட்டில் இணைக்காமல், மடித்து டேப் சுற்றி உள்ளேயே விட்டிருந்தார்கள். "இரைச்சல் வரக்கூடாதுன்னு இப்படிப் பண்ணுவாங்க தம்பி. இது கொலைக்குச் சமம்." டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற கரண்ட் வயரின் உறையும் தகரத்தில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. அன்று நான் வாங்கியது வெறும் கசிவு. பேஸ் ஸ்ட்ரிங்கும் கேபிள் வழியாக அந்தத் தகரத்தோடுதான் இணைந்திருக்கிறது; அந்த வயர் முழுசாகத் தகரத்தைத் தொட்டிருந்தால் என் ஸ்ட்ரிங்கில் 230 வோல்ட். எர்த் இருந்திருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போய் ஆள் தப்பியிருப்பார்.

பிறகு போர்டைக் காட்டினார். டி.டி.ஏ. 7294 என்ற ஒரே ஒரு சிப். நல்ல சிப்தான், உள்ளூரில் செய்கிற ஆம்ப்களில் நிறையப் பேர் போடுவார்கள். அதைத் தயாரிக்கிறவர்கள் சொல்லும் தொடர்ச்சியான சக்தி 70 வாட், கொஞ்ச நேரம் மட்டும் தாங்குகிற மியூசிக் பவர் 100. முன்னால் போட்டிருந்த 500, ஒரு கணத்து உச்சம் என்று சொல்லிக்கொள்கிற பி.எம்.பி.ஓ. கணக்கு. அதற்கு ஒரு அளவுகோலும் கிடையாது, எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம். நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ச்சியாகத் தருகிற சக்தி, எத்தனை ஓம் ஸ்பீக்கரில் என்பதோடு சேர்த்து. உதாரணத்துக்கு ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக 350 வாட், வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்து 4 ஓம் ஆக்கினால்தான் 500. ஆனால் அதை அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

டி.ஐ. அவுட்டும் பெயருக்குத்தான். எக்ஸ்.எல்.ஆர். என்கிற மூன்று பின் சாக்கெட்டில் மூன்றாவது பின்னைக் கிரவுண்டோடு முறுக்கி வைத்திருந்தார்கள். இரைச்சலை வெட்டுகிற பேலன்ஸ்டு லைனே இல்லை. நீள வயரில் இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

இப்போது நான் வைத்திருப்பது பெயர் தெரிந்த கம்பெனியின் பழைய 100 வாட், 12 இஞ்ச் காம்போ. வாங்குமுன் என் பேஸைச் செருகி, தொனியை மாற்றுகிற ஈகியூ குமிழ் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, கீழ் ஸ்ட்ரிங்கை அரை மணி நேரம் அடித்துப் பார்த்தேன். பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், விற்றவர் முகம் சுளிக்காமல் காட்டினார். ஒத்திகைக்கு இது தாராளம். மேடையில் இது எனக்குக் கேட்டால் போதும், கூட்டத்துக்கு டி.ஐ. வழியாக மிக்சர் பார்த்துக்கொள்ளும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். கடை பதில் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். தொழிலுக்கு வாங்கினால் புகார் செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்கு, சுயதொழிலுக்கு வாங்கியவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. எஸ்டிமேட் சீட்டு, யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப், அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு, திறந்த பெட்டியின் படங்கள், இவ்வளவுதான் என் கையில் இருக்கும் ஆதாரம்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அதே மாதிரி இரண்டு பெட்டி ஷோகேஸில் நிற்கிறது. உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தடித்த எர்த் பின்னிலும் மறு முனையைச் சேசிஸின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். பீப் சத்தம் வரவில்லையென்றால், விஷயம் தெரிந்த ஒரு ஆள் திறந்து பார்க்கிற வரைக்கும் அதில் பேஸைச் செருகாதீர்கள்.