ஒரேயொரு சரிவைத் தேடி: பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் இணையச் சேவை

ஒரு விண்மீனின் முகத்தைக் கோள் கடக்கும்போது அதன் ஒளி சற்றே மங்குகிறது. சூரியனைப் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஏறத்தாழ 1 சதவீத ஒளி குறையும். பூமியளவு கோளென்றால் அதில் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. பிற விண்மீன்களின் கோள்களைத் தேட 2018இல் நாசா ஏவிய டெஸ் விண்கலம் அளந்து அனுப்பும் இந்த ஒளியளவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதுதான் பொதுமக்கள் அறிவியல் ஆய்வுகளில் பங்கேற்கும் ஜூனிவர்ஸ் இணையதளத்திலுள்ள பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் சேவை. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்காமலே பங்கேற்கலாம்.

திரையில் ஒரு விண்மீனின் சுமார் 27 நாள் ஒளி, புள்ளிகளின் நீண்ட வரிசையாக விரிகிறது. சரிவு தென்படும் இடத்தைச் சுட்டியால் இழுத்துக் கட்டமிட வேண்டும். முதல் நாள் எனக்கு எல்லா வளைவும் கோளாகவே தெரிந்தன. விண்மீனின் மேலுள்ள கரும்புள்ளிகள் ஒளியை அலைபோல மெல்ல ஏற்றி இறக்கும் என்பதும், கோள் கடக்கும்போது ஒளி சட்டென இறங்கி, சில மணி நேரம் அப்படியே கிடந்து, மீண்டும் சட்டென ஏறும் என்பதும் பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டன. இடையிடையே செயற்கையாகச் சேர்த்த சரிவுகளையும் காட்டி, நாம் கண்டுபிடித்தோமா என்று உடனுக்குடன் சொல்லிவிடுகிறார்கள். கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கணினி இருக்க மனிதக் கண் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. நிரல்கள் பெரும்பாலும் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் சரிவுகளையே தேடுகின்றன. சுற்றிவரப் பல மாதங்கள் எடுக்கும் கோளோ அந்த 27 நாளில் ஒருமுறை தலைகாட்டினாலே அதிகம். சுமார் 84 நாளில் தன் விண்மீனைச் சுற்றும் டிஓஐ 813 பி என்ற கோள் தன்னார்வலர்களின் கண்ணில்தான் முதலில் பட்டது. அதைக் குறித்தவர்கள் ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலும் இடம்பெற்றார்கள். உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மறைக்காத இந்தப் பண்புக்காகவே இச்சேவையை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். முதல் இரண்டு ஆண்டுத் தரவுகளை 22,000க்கும் மேற்பட்டோர் அலசியதில் கோளாக இருக்கக்கூடிய 90 புதியவை தேறின. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறை சரிவு காட்டியவை.

பொறுமை மட்டும் அவசியம். ஒருவர் இட்ட கட்டம் பலரது கட்டங்களோடு சேர்த்து மதிப்பிடப்பட்டு, ஆய்வுக்குழுவின் பார்வைக்குப் போய், பிறகு தரையிலுள்ள தொலைநோக்கிகளாலும் சோதிக்கப்பட வேண்டும். கைப்பேசியைவிடப் பெரிய திரை நல்லது. சென்ற வாரம் ஒரு வரைபடத்தின் வலது ஓரத்தில், நான்கைந்து மணி நேரமே நீடித்த ஆழமற்ற சரிவு ஒன்றைக் கட்டமிட்டேன். அது கோளா, கருவியின் இரைச்சலா என்பது தெரியவில்லை. அந்த விண்மீனின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.