புது பேட்டரியா, மல்டிமீட்டரா?
பழைய டீசல் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) சாவியைத் திருப்பியதும் "டக்" என்று ஒரே சத்தம். உடனே பேட்டரியை மாற்றுகிறவர்கள் அதிகம். அது செத்திருந்தால் சரி. கோளாறு எர்த்தில் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு சேர்க்கும் இணைப்பு) என்றால் புதுசும் அதே "டக்"தான். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிவதை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் வேறு பேட்டரியில் எரிவது.

நான் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) பக்கம். பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டி, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இறங்காவிட்டால், கியரை நியூட்ரலில் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பில் கோளாறு. அந்த இணைப்பின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்: துருவோ பச்சைப் பூப்போ இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடும்.