மாடி சோலாருக்கு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரா, மைக்ரோ இன்வெர்ட்டரா?

பெங்களூரு அல்சூர் பக்கம் சோலார் போடும் நம்மவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. பேனலில் வரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக மாற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

விலை: ஸ்ட்ரிங்கில் ஒரு வரிசைப் பேனல்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டி, மலிவு. மைக்ரோவில் பேனலுக்குப் பேனல் ஒரு பெட்டி, செலவு ஏறும்.

நிழல்: இதைத்தான் நன்றாகப் பாருங்கள். ஸ்ட்ரிங்கில் பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், எங்கள் மாடியில் மாலை 4 மணிக்குப் பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே வரிசை முழுவதும் அடி வாங்குகிறது. மைக்ரோவில் அந்த ஒரு பேனலோடு போச்சு.

பழுது: ஸ்ட்ரிங் சுவரில் கைக்கெட்டும், மைக்ரோவுக்குப் பேனலைக் கழற்ற வேண்டும்.

கரண்ட் போனால்? பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில் இரண்டுமே நின்றுவிடும், நம் மின்சாரம் தெரு லைனுக்குள் போய், அங்கே ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே.

திறந்த மாடி என்றால் ஸ்ட்ரிங் போதும். மரம், டேங்க், உயரமான கட்டடம் சூழ்ந்திருந்தால் தயங்காமல் மைக்ரோ.